டெம்போ: ஒரு கழகமும் அதன் பெயரும்

கோவாவின் வடபகுதியில் பிச்சோலிம் என்றோர் ஊர் உண்டு. கொங்கணியில் திவ்சல் என்பர். இரும்புத்தாது வெட்டியெடுக்கப்பட்ட செம்மண் பூமி. அவ்வூரில் 1961ஆம் ஆண்டு ‘குளூபே டெஸ்போர்டிவோ டெ பிச்சோலிம்’ என்ற பெயருடன் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. போர்த்துக்கீசிய மொழியில் அப்பெயருக்கு ‘பிச்சோலிம் விளையாட்டுக் கழகம்’ என்பதற்கு மேல் பொருளில்லை. அதே ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் கோவா இந்தியாவோடு இணைந்தது. நானூற்றைம்பது ஆண்டுகாலப் போர்த்துக்கீசிய ஆட்சி, இரண்டு நாள் படை நடவடிக்கையில் முடிந்துபோயிற்று. ஆட்சி மாறியபோது அக்கழகத்தின் பெயர் மாறவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1960களின் பிற்பகுதியில், ஒரு சுரங்க நிறுவனம் அதைத் தத்தெடுத்தபோதுதான் மாறிற்று. முதலில் டெம்போ-சூசா, பின்னர் டெம்போ. ஊரின் பெயர் போய் ஒரு குடும்பத்தின் பெயர் வந்தமர்ந்தது.

இந்தியக் கால்பந்தில் ஐந்துமுறை தேசியப் பட்டம் வென்ற டெம்போ விளையாட்டுக் கழகத்தின் முன்கதை இதுவே. இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் கால்பந்துக் கழகத்தின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பெயர் என்பது இலக்கிய மாணவருக்கு அந்நியமான பொருளன்று. புரவலர் பெயரால் வாழ்ந்த பாடல்களையும், புரவலர் மறைந்தபின் வழிதெரியாது நின்ற பாணர்களையும் வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, டெம்போவின் கதை எங்கோ கேட்ட கதையாகவே பட்டது.

கோவாவுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவர் போர்த்துக்கீசியர் என்றே பலரும் எண்ணுகின்றனர். வழக்கில் சொல்லப்படும் வரலாறு வேறு. 1883ஆம் ஆண்டு சியோலிம் என்ற ஊரில் வில்லியம் ராபர்ட் லயன்ஸ் என்ற பாதிரியார் தம் மாணவர்களுக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தார் என்பர். பெயரைப் பார்த்தாலே அவர் லிஸ்பனிலிருந்து வந்தவரல்லர் என்பது விளங்கும். போர்த்துக்கீசியர் தந்தது ஆட்டத்தையல்ல, ஆட்டத்தைச் சுற்றியிருந்த சொற்களையும் அமைப்பு முறையையும்தான். ‘குளூபே’ என்ற சொல் அவற்றுள் ஒன்று. 1951இல் தோன்றிய வாஸ்கோ கழகம், துறைமுக நகரான வாஸ்கோ ட காமாவின் பெயரைச் சூடிக்கொண்டது. 1999இல், அதாவது போர்த்துக்கீசியர் போய் நாற்பதாண்டுகள் ஆகப்போகும் நேரத்தில் தொடங்கப்பட்ட கழகமும் ‘ஸ்போர்ட்டிங் குளூபே டெ கோவா’ என்றுதான் பெயர் வைத்துக்கொண்டது. (நாம் மட்டும் என்ன? ஜன்னலைத் திறந்து, அலமாரிச் சாவியைத் தேடி, மேசைமீது கடுதாசி எழுதும்போதெல்லாம் போர்த்துக்கீசியச் சொற்களில்தான் வாழ்கிறோம்.)

பெயரிலும் அமைப்பிலும் போர்த்துக்கல் இருந்ததே தவிர, பணம் இருந்தது மண்ணுக்குள். போர்த்துக்கீசியர் வழங்கிய சுரங்கச் சலுகைகளைப் பெற்ற கோவாக் குடும்பங்கள் சில, 1950கள் தொடங்கி இரும்புத்தாதுவைக் கப்பலேற்றின. போருக்குப் பின் எழுந்துகொண்டிருந்த ஜப்பானிய உருக்காலைகள் அதை வாங்கின. டெம்போ, சால்காவ்கர், சௌகுலே முதலிய பெயர்கள் இவ்வாறு பெருகின. 1956இல் சால்காவ்கர் குடும்பம் ஒரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கிற்று. அடுத்த பத்தாண்டில் டெம்போ குடும்பம் பிச்சோலிம் கழகத்தை எடுத்துக்கொண்டது. சேசா கோவா என்ற மற்றொரு சுரங்க நிறுவனமும் அணி வைத்திருந்தது. மண்ணை வெட்டிப் பொருளீட்டியவர்கள், அதே மண்ணின் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கித் தந்தனர் என்று சொல்லலாம். கைம்மாறு என்பார் உளர். விளம்பரம் என்பாரும் உளர். இரண்டும் கலந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், வேலை கொடுத்துச் சம்பளமும் கொடுத்து ஆடவிட்ட அந்த ஏற்பாடு இல்லையேல் பிச்சோலிம் கழகம் ஐந்தாறு ஆண்டுகளில் கலைந்துபோன நூறு கழகங்களுள் ஒன்றாகியிருக்கும். இதை மறைத்துவிட்டுப் பெயர்ப் பறிப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

1970களின் இறுதியிலேயே டெம்போ பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கல்கத்தாக் கழகங்கள் தம் சொந்தச் சொத்தெனக் கருதியிருந்த கோப்பைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் டெம்போவின் பொற்காலம் இந்த நூற்றாண்டில்தான் வந்தது. அர்மாண்டோ கொலாசோ என்ற கோவாக்காரர் பயிற்சியாளராக இருந்த ஆண்டுகளில் 2004-05, 2006-07 ஆகிய பருவங்களில் தேசியக் கால்பந்து லீக் பட்டத்தையும், அதன் பின்வந்த ஐ-லீக் பட்டத்தை 2007-08, 2009-10, 2011-12 ஆகிய பருவங்களிலும் அக்கழகம் வென்றது. மகேஷ் கவாலி, சமீர் நாயக், கிளிஃபோர்ட் மிராண்டா, கிளைமாக்ஸ் லாரன்ஸ் (ஆம், பெற்றோர் இட்ட பெயரே அதுதான்) எனக் கோவா மண்ணின் ஆட்டக்காரர்கள் நடுவில் நின்றனர். முன்வரிசையில் நைஜீரியாவின் ராண்டி மார்ட்டின்ஸ். 2011-12 பருவத்தில் மட்டும் அவர் அடித்த கோல்கள் 32. 2008இல் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதி வரை சென்று, லெபனான் நாட்டின் சஃபா கழகத்திடம் தோற்றனர்.

டெம்போ மட்டுமன்று. 2006-07 தொடங்கி 2012-13 முடிய ஏழு பருவங்களிலும் இந்தியாவின் தேசியப் பட்டம் கோவாவை விட்டு வெளியே போகவில்லை. நான்கை டெம்போவும், இரண்டைச் சர்ச்சில் பிரதர்ஸும், ஒன்றைச் சால்காவ்கரும் வென்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோவாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 14.6 இலட்சம். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ 21.6 இலட்சம். ஒரு மாவட்டத்தைவிடச் சிறிய மாநிலம், கொல்கத்தாவையும் மும்பையையும் பஞ்சாபையும் ஏழாண்டு காலம் வாசலிலேயே நிறுத்திவைத்தது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இப்பெருமைகளுக்கு நடுவே ஒரு மரணமும் உண்டு. 2004 டிசம்பர் 5ஆம் நாள், பெங்களூர்க் கண்டீரவா மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதியாட்டம். எதிரில் மோகன் பகான். டெம்போவுக்காக இரண்டு கோல்களையும் அடித்தவர் பிரேசில் நாட்டின் கிறிஸ்தியானோ ஜூனியர். இரண்டாவது கோலை அடித்த கணத்தில் எதிரணிக் கோல்காவலருடன் மோதி விழுந்தார், எழவில்லை. பந்து வலைக்குள் போனதை அவர் பார்த்திருப்பாரா என்று தெரியாது. கோப்பை டெம்போவுக்கு. அவர் அணிந்த 10ஆம் எண்ணை அக்கழகம் அதன்பின் வேறெவருக்கும் தரவில்லை. போர்த்துக்கீசியத்தைத் தாய்மொழியாகக் கொண்டு அட்லாண்டிக்கின் மறுகரையில் பிறந்தவன், போர்த்துக்கீசியப் பெயரை உதறிவிட்ட ஒரு கழகத்துக்காகக் கன்னட நாட்டில் உயிர்விட்டான். புறப்பாடல்களில் நடுகல் நாட்டுவார்கள். இங்கே ஓர் எண்ணைக் காலியாக விட்டார்கள்.

நிற்க.

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் டெம்போ குழுமம் தன் சுரங்கத் தொழிலை 1,750 கோடி ரூபாய்க்குச் சேசா கோவாவுக்கு விற்றுவிட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின், 2012இல், சட்டமீறல்கள் குறித்த விசாரணை ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து கோவா முழுவதும் இரும்புச் சுரங்கங்கள் நிறுத்தப்பட்டன. 2018இல் உச்ச நீதிமன்றம் குத்தகைகளையே நீக்கிற்று. விந்தை என்னவெனில், கழகத்தைத் தத்தெடுத்த சுரங்கம் கைமாறிய பின்னும் அக்கழகம் இரண்டு தேசியப் பட்டங்களை வென்றது. பெயருக்குக் காரணமான தொழில் போய்விட்டது. பெயர் மட்டும் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பின் வந்தது வேறொரு வகைக் காற்று. 2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிற்று. நகரங்களின் பெயரால் அணிகள் புதிதாகப் பிறந்தன. அணி நடத்தும் உரிமையைப் பணம்படைத்தோர் விலைகூறிப் பெற்றனர். (ஏலம் என்ற சொல்லையும் தமிழுக்குத் தந்தவர்கள் போர்த்துக்கீசியரே.) எஃப்.சி. கோவா என்ற புதிய அணியின் பங்குதாரர்களாக ஸ்ரீனிவாஸ் டெம்போவும் தத்தராஜ் சால்காவ்கரும் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. பழைய கழகங்களை வைத்திருந்தவர்களே புதியதிலும் கால்வைத்தனர். 2014-15 பருவத்தில் டெம்போ ஐ-லீக்கிலிருந்து கீழிறங்கியது. மறு ஆண்டே இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மீளும் தகுதியையும் பெற்றது. ஆனால் மீளவில்லை. ஐ.எஸ்.எல்.லை முதல்நிலைப் போட்டியாக்கி ஐ-லீக்கைக் கீழே தள்ளும் கூட்டமைப்பின் திட்டத்தை எதிர்த்து, 2016இல் சால்காவ்கரும் ஸ்போர்ட்டிங்கும் டெம்போவும் தேசியப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டன.

அந்த எதிர்ப்பு நியாயமானதே என்பது நம் எண்ணம். திடலில் தோற்றால் இறங்கவும் வென்றால் ஏறவும் வழியில்லாத போட்டியை விளையாட்டு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் நம்மைத் துன்புறுத்துவது வேறொன்று. விலகும் முடிவை எடுத்தது யார்? பிச்சோலிமிலோ பணஜியிலோ வாஸ்கோவிலோ இக்கழகங்களின் பின்னால் தலைமுறை தலைமுறையாக நின்றவர்களுக்கு அம்முடிவில் வாக்கு இருந்ததா? இல்லை. அறையில் சிலர் அமர்ந்து எடுத்த முடிவு அது. முடிவு சரியாக இருந்தது தற்செயல்.

தவறாகவும் இருந்திருக்கலாம், பிற ஊர்களில் அப்படித்தான் நடந்தது. 1996-97இல் இந்தியாவின் முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றது பஞ்சாபின் பக்வாரா நகரைச் சேர்ந்த ஜே.சி.டி. ஆலை அணி. 2011இல் ஆலை அதைக் கலைத்தது. 2005-06இல் பட்டம் வென்றது மும்பையின் மகிந்திரா யுனைடெட். 2010இல் நிறுவனம் அதைக் கலைத்தது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2019 மார்ச் 9ஆம் நாள், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியால் பின்தள்ளி, சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டம் பெற்றது. சென்னையின் பெயரைத் தாங்கிய அணி கொங்கு நாட்டில் ஆடிற்று என்பதிலேயே ஒரு செய்தி இருக்கிறது. பட்டம் வென்ற களிப்பு தணிவதற்குள், 2020-21 பருவத்துக்குப் பின், ஐ-லீக் பட்டியலில் அப்பெயரே இல்லை. கோவையில் யாரேனும் அழுதார்களா? அழுதிருக்கலாம். அழுகையைப் பதிவு செய்ய ஓர் உறுப்பினர் பேரேடு இல்லை.

உறுப்பினர் பேரேடு என்றதும் போர்த்துக்கல்லுக்கே போக வேண்டியிருக்கிறது. அங்கே கழகத்தின் அடிப்படை அலகு ‘சோசியு’ என்னும் உறுப்பினர். சந்தா கட்டுவார், தலைவரைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பார். 1990களின் பிற்பகுதியில் அங்கும் சட்டம் மாறி, கழகங்கள் தம் கால்பந்துப் பிரிவைப் பங்கு நிறுவனமாக்கி வெளியாருக்கு விற்கலாம் என்றானது. லிஸ்பனின் பெலேம் பகுதியைச் சேர்ந்த பெலெனென்செஸ் கழகமும் அவ்வழியே சென்றது. 1919இல் தோன்றியது அது. 1945-46இல் நாட்டின் பட்டத்தை வென்றது. பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் என்னும் மூன்று பெருங்கழகங்களுக்கு வெளியே அப்பட்டம் வென்றவை வரலாற்றில் இரண்டே. மற்றது 2000-01இல் வென்ற போவிஷ்டா. பெலெனென்செஸின் மைதானம் ரெஸ்தெலுவில் இருக்கிறது. 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா கப்பலேறிய கரை அதுதான். அக்கப்பல்களின் பாயில் இருந்த கிறிஸ்து சபைச் சிலுவையே அக்கழகத்தின் சின்னம். கோழிக்கோட்டில் நம் முன்னோர் முதன்முதலாகக் கண்ட அதே சிலுவை.

2012இல் பெலெனென்செஸின் கால்பந்து நிறுவனத்தின் பெரும்பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குப் போயிற்று. கழகத்துக்கும் நிறுவனத்துக்கும் பிணக்கு முற்றி, 2018 ஜூனில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. முதல் பிரிவில் ஆடும் உரிமையும் ஆட்டக்காரர்களும் நிறுவனத்தோடு போயினர். கழகத்தின் கையில் எஞ்சியவை மைதானமும் சிலுவையும் உறுப்பினர்களும். அவ்வுறுப்பினர்கள் செய்த காரியம் நமக்கு வியப்பளிப்பது. புதிதாக ஓரணி கட்டி, லிஸ்பன் வட்டாரப் போட்டியின் ஆகக் கடைப்படியில், அதாவது ஆறாம் நிலையில், அதைச் சேர்த்தார்கள். ஒருகாலத்தில் நாட்டையே வென்ற கழகம் பேட்டை அணிகளோடு ஆடத் தொடங்கிற்று. நிறுவனமோ சிலுவைச் சின்னத்தின் உரிமையை இழந்து, புதுச்சின்னம் வரைந்துகொண்டு, வேறு மைதானத்தில் ஆடிற்று. கழகம் ஆண்டுக்கு ஒரு படியாக ஏறி 2023இல் இரண்டாம் பிரிவை எட்டியது. முதல் பிரிவிலிருந்து 2022இல் விழுந்த நிறுவன அணி, அதே 2023இல் இரண்டாம் பிரிவிலிருந்தும் கீழே விழுந்தது. ஏணியில் ஒருவர் ஏற ஒருவர் இறங்க, நடுவில் சந்தித்துக்கொள்ளாமலேயே கடந்து போயினர். (கழகம் 2024இல் மீண்டும் ஒரு படி இறங்கியது. கதைகள் கச்சிதமாக முடிவதில்லை.)

பெலேமில் இது ஆயிற்று. 2016இல் கோவாவில் ஆகாததற்குக் காரணம் கோவா மக்களிடம் ஆட்டப் பற்று குறைவு என்பதன்று. ஏறிச் செல்ல ஏணியும், கூடி நிற்கப் பேரேடும் அவர்களுக்கு இல்லை. போர்த்துக்கீசியர் ‘குளூபே’ என்ற சொல்லை விட்டுச் சென்றனர். ‘சோசியு’ என்ற சொல் கோவாவில் வேர்கொள்ளுமுன் சுரங்கப் பணம் வந்து அவ்விடத்தை நிரப்பிவிட்டது. நம் மொழியிலும் கழகம் என்ற சொல்லின் கதை சுவையானது. திருக்குறளில் அது சூதாடும் இடம். பிற்காலத்தில் கற்றோர் அவை. அதற்கும் பின் கட்சி. இப்போது முதலீட்டாளர் பணம் வைத்து ஆடும் இடமாகச் சொல் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டதோ என்று ஐயுறுகிறோம்.

புரவலரைப் பழிப்பது நம் நோக்கமன்று. நாம் வாழும் சேவுகம்பட்டி, பழநி மலைத்தொடரின் அடிவாரச் சமவெளியில், வத்தலக்குண்டுக்கும் பட்டிவீரன்பட்டிக்கும் அருகில் இருக்கிறது. இம்மலையை ஆண்டவன் பேகன். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வையைத் தந்தவன். அக்கதையை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் ‘மயில் போர்வையைக் கேட்டதா?’ என்று எவனாவது கேட்டு வகுப்பைச் சிரிக்கவைப்பான். டெம்போவைப் படித்தபின் நமக்குத் தோன்றுவது வேறு: போர்வை தந்தவன் ‘இனி உன் பெயர் மயிலன்று, பேகன்’ என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரிலும் அப்படியொரு போர்வை வந்தது. கண்மாய் வற்றும் மாதங்களில் அதன் உள்வாயில் கால்பந்து ஆடும் பிள்ளைகள் முப்பது, நாற்பது பேர் உண்டு. திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் போட்டிகளுக்குப் போவார்கள். பேருந்துக் கட்டணத்துக்கு நாங்கள் ஆசிரியர் சிலரும் கடைக்காரர் சிலரும் கைகொடுப்போம். சில ஆண்டுகளுக்கு முன் மனை வணிகர் ஒருவர் சட்டை, காலணி, பந்து, நுழைவுக் கட்டணம் எல்லாம் தருவதாகச் சொன்னார். ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் தம் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும், போட்டியிலும் அப்பெயரிலேயே பதிய வேண்டும் என்பது நிபந்தனை. நாங்கள் கூடிப் பேசினோம். அணித்தலைவனான பையன் நேராகக் கேட்டான்: “சார், வெறுங்கால்ல ஆடுறவனுக்குப் பேர்ல என்ன சார் இருக்கு?” அவன் காலைப் பார்த்தபின் எங்களில் ஒருவருக்கும் மறுமொழி வரவில்லை. சங்க இலக்கியம் படித்தவர்க்கும் வரவில்லை. திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும், “வாங்கிக்கங்கடா தம்பி. ஆனா அவரு போனப்புறம் என்ன செய்வீகன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க” என்றார்.

வாங்கிக்கொண்டார்கள். இரண்டு போட்டிகள் ஆடினார்கள், ஒன்றில் அரையிறுதி. மனை விற்பனை படுத்தது. வணிகர் பலகையைக் கழற்றிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டார். சட்டைகள் மட்டும் இருந்தன. இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரை முதுகிலும் மார்பிலும் தாங்கிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் மேலும் இரண்டாண்டு ஆடினார்கள். வெயிலில் எழுத்துகள் உதிர உதிர, கடைசியில் யாராலும் படிக்க முடியாதபடி ஆயிற்று. அதன்பின் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, மாதம் இருபது ரூபாய் என்று பெயரெழுதத் தொடங்கினோம். ஆடுகிறவன், ஆடி முடித்தவன், ஆட்டமே தெரியாதவன் யாராயினும் சரி. பெயரெழுதினால் கூட்டத்தில் ஒரு வாக்கு. பாதிப்பேர் மூன்றாம் மாதமே நின்றுவிட்டனர். திருப்பூரிலிருந்து ஒருவன் மாதந்தவறாமல் அனுப்புகிறான். தலைவர் தேர்தலில் அணித்தலைவனான அந்தப் பையனே தோற்றான் என்பது தனிக்கதை.

எங்கள் ஊரின் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறைவிடும் விழா நடக்கும். வேண்டுதல் நிறைவேறியவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து கூட்டத்தின்மீது எறிவார்கள். எறிந்தபின் எறிந்தவருக்கு அப்பழத்தின்மீது உரிமையில்லை. கொடை என்பதன் இலக்கணம் அதுவாக இருக்கலாம். கால்பந்துக் கழகம் பழமன்று. ஒருமுறை எறிந்துவிட்டால் போதாது, மாதந்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டும், மைதானத்துக்கு நீர்பாய்ச்ச வேண்டும் என்று டெம்போ குடும்பத்தார் மறுமொழி சொல்லக்கூடும். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அதைச் செய்தவர்களின் மறுமொழி அது. எளிதில் தள்ளிவிட முடியாது. அவர்கள் பேரேட்டையும் திறந்து வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற கேள்விதான் நமக்கு எஞ்சுகிறது.

தேசியப் போட்டியிலிருந்து விலகிய ஆண்டுகளிலும் டெம்போ கோவாவின் உள்ளூர் லீக்கை விட்டுவிடவில்லை. 2023-24இல் ஐ-லீக்கின் இரண்டாம் பிரிவில் மீண்டும் நுழைந்து, இரண்டாமிடம் பெற்று மேலேறியது. 2024-25 பருவத்தில், அதாவது கீழிறங்கிச் சரியாகப் பத்தாண்டுகளுக்குப் பின், ஐ-லீக்கில் ஆடியது. அப்பருவத்தில் உடன் ஆடிய கோவாக் கழகம் சர்ச்சில் பிரதர்ஸ் ஒன்றே. சால்காவ்கரும் ஸ்போர்ட்டிங்கும் அப்பட்டியலில் இல்லை. ஐந்து பட்டங்கள் வென்ற கழகம் இரண்டாம் பிரிவின் வழியே, வரிசையில் நின்று, சிறு மைதானங்களில் ஆடி ஏறிவந்தது. பிச்சோலிம் என்ற பெயர் இப்போதும் அதன் சட்டையில் இல்லை.